தென்துருவத்தில் 90 நாள்... நம்ம ஊரில் 30 நாள்!

பனிக்கண்டத்தில் ஒரு கட்டடம் எழுப்ப உலக நாடுகள் வைத்திருக்கும் விதிகள், கரிசல்காட்டு விவசாயிக்குச் சொல்லும் பாடம்

விருதுநகரில் நின்றுகொண்டு நேர் தெற்கே ஒரு கோடு இழுங்கள். சாத்தூர், கோவில்பட்டி பக்கமாகப் போகும் அந்தக் கோடு, திருச்செந்தூருக்குத் தெற்கே கடலில் இறங்கும். அதன்பிறகு தண்ணீர்... தண்ணீர்தான். சுமார் 8,700 கிலோமீட்டர் கடந்தால் பனி மூடிய ஒரு கரை வரும். அதுதான் அண்டார்டிகா. கோட்டுக்குக் கொஞ்சம் மேற்கே, தூண்களின் மேல் நிற்கும் ஒரு கட்டடத்தில் இந்தியக் கொடி பறக்கும். அது நம் நாட்டின் ‘பாரதி’ ஆராய்ச்சி நிலையம்.

இந்தக் கோட்டை இழுக்க வைத்தது ஒரு வாசகரின் கேள்வி. சிவகாசிக்கும் சாத்தூருக்கும் இடையே மானாவாரியில் பருத்தியும் மக்காச்சோளமும் போடும் விவசாயி அவர். “எங்க ஊர் பக்கத்துல கல்குவாரி வரப்போகுதுன்னு நோட்டீஸ் ஒட்டியிருக்காங்க. கருத்துக்கேட்புக் கூட்டம் நடக்குமாம். ஆளே இல்லாத தென்துருவக் கடலைக் காப்பாத்தவே பல நாடுகள் ஒப்பந்தம் போட்டு, ‘சுற்றுச்சூழல் மதிப்பீடு’ செய்யுதுன்னு பேப்பர்ல படிச்சேன். அங்க எப்படிச் செய்யுறாங்க? அதுல எங்களுக்கு உதவுற மாதிரி ஏதாவது இருக்கா?” என்று கேட்டிருந்தார்.

இருக்கிறது. நிறையவே இருக்கிறது.

ஒரு கப்பல் விபத்தும் ஓர் உடன்படிக்கையும்

1959 டிசம்பர் 1-ம் தேதி, 12 நாடுகள் சேர்ந்து அண்டார்டிக் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. ‘60 டிகிரி தெற்கு அட்சரேகைக்குக் கீழே ராணுவ நடவடிக்கை கூடாது; அணு வெடிப்பு கூடாது; ஆராய்ச்சி மட்டும்தான்’ என்பது அதன் சாரம். இந்தியா 1983-ல் சேர்ந்தது. ஆனால், அந்த ஒப்பந்தத்தில் சுற்றுச்சூழலைப் பற்றிப் பெரிதாக எதுவும் இல்லை. 1988-ல் ‘அங்கே கனிமம் எடுக்கலாம், அதற்கு விதிமுறை வைத்துக்கொள்வோம்’ என்று இன்னோர் ஒப்பந்தமே தயாரானது.

அடுத்த ஆண்டு, 1989 ஜனவரி 28 அன்று, ‘பாஹியா பரைசோ’ என்ற அர்ஜென்டினா கப்பல் அண்டார்டிகா கரையோரப் பாறையில் மோதியது. சுமார் 6 லட்சம் லிட்டர் எரிபொருள் கடலில் கலந்தது. உறைபனிக் கடலில் எண்ணெய் கலந்தால் என்ன ஆகும் என்பதை உலகம் நேரில் பார்த்தது. ஆஸ்திரேலியாவும் பிரான்சும் ‘கனிம ஒப்பந்தமே வேண்டாம்’ என்று விலகிக்கொள்ள, அது அப்படியே கிடப்பில் போனது. அதற்குப் பதிலாக வந்ததுதான் 1991 அக்டோபர் 4-ல் கையெழுத்தான மாட்ரிட் நெறிமுறை. 1998 ஜனவரி 14 முதல் நடைமுறையில் இருக்கிறது. ஆராய்ச்சியைத் தவிர வேறு எதற்காகவும் கனிம வளத்தில் கைவைக்கக் கூடாது என்று அது முழுத்தடை விதித்தது.

கோழி முதல் மண் வரை...

இந்த நெறிமுறையின் பின்னிணைப்புகளைப் படித்தால் விவசாயிகளுக்கு ஆச்சர்யமாக இருக்கும். உயிருள்ள கோழி கொண்டுபோகக் கூடாது. உரித்த கோழியாக இருந்தாலும், நம் பண்ணைகளில் ‘வெள்ளைக்கழிச்சல்’ என்று சொல்கிறோமே, அந்த ராணிக்கெட் நோய் இருக்கிறதா என்று பார்த்த பிறகே கப்பலில் ஏற்ற வேண்டும். அங்கிருக்கும் பறவைகளுக்கு நோய் தொற்றிவிடக் கூடாது என்பதுதான் காரணம். கிருமிநீக்கம் செய்யாத மண் கூடாது. பார்சலில் அடைக்கும் தெர்மாகோல் உருண்டை கூடாது. ஆராய்ச்சி, மருத்துவம், சுகாதாரத் தேவை தவிர பூச்சிக்கொல்லியும் கூடாது. பனிவண்டி இழுத்த நாய்களைக்கூட 1994 ஏப்ரல் 1-க்குள் வெளியேற்றச் சொல்லிவிட்டார்கள்.

இந்தியாவும் இதற்கென்று ‘இந்திய அண்டார்டிக் சட்டம், 2022’ கொண்டுவந்தது. அனுமதியில்லாமல் அங்கே கனிமத்துக்குத் துளையிட்டாலோ, வெளியிலிருந்து செடி, விலங்குகளைக் கொண்டுபோனாலோ 7 ஆண்டுகள் வரை சிறை; 10 லட்சம் முதல் 50 லட்சம் ரூபாய் வரை அபராதம்.

கடலுக்கும் தனிக் காவல் உண்டு. தென்துருவக் கடலில் ‘கிரில்’ என்றொரு சிற்றுயிர், இறால் குஞ்சு மாதிரி இருக்கும். திமிங்கலம், பென்குவின், சீல் எல்லாம் அதை நம்பித்தான் வாழ்கின்றன. மீன், இறால் பண்ணைத் தீவனத்துக்காக மனிதர்களும் அதைப் பிடிக்கிறார்கள். 1980-ல் உருவாகி, 1982 முதல் நடப்பில் உள்ள கடல்வாழ் உயிரினப் பாதுகாப்பு உடன்படிக்கை, ‘எவ்வளவு பிடிக்கலாம் என்று கணக்குப் போடும்போது, அதைத் தின்று வாழும் உயிர்களுக்கு எவ்வளவு வேண்டும் என்பதையும் சேர்த்துக் கணக்குப் போடு’ என்கிறது. கண்மாய்த் தண்ணீரில் கடைமடைக்கும் பங்கு வைக்கிற மாதிரிதான்.

இதன் கீழ், ராஸ் கடலில் சுமார் 15.5 லட்சம் சதுர கிலோமீட்டர் பரப்பு 2017 டிசம்பர் முதல் பாதுகாக்கப்பட்ட பகுதி. துருவக் கடலில் போகும் கப்பல்களுக்கு 2017 முதல் தனி விதித்தொகுப்பு இருக்கிறது. கசடு மிகுந்த கன எரிபொருளை அண்டார்டிக் கடலில் கொண்டுபோவதற்கே 2011 ஆகஸ்ட் முதல் தடை. வடதுருவத்தில் இதே தடை 2024 ஜூலையில்தான் வந்தது. அங்கும் சில கப்பல்களுக்கு 2029 வரை விலக்கு கொடுத்திருக்கிறார்கள்.

மூன்று படி... 90 நாள்!

இப்போது வாசகர் கேட்ட விஷயத்துக்கு வருவோம். அண்டார்டிகாவில் எந்த வேலையைத் தொடங்கும் முன்பும் ஒரு கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும். ‘இதனால் வரும் பாதிப்பு எவ்வளவு?’

சிறிய அல்லது தற்காலிகப் பாதிப்பைவிடக் குறைவு என்றால், வேலையைத் தொடங்கலாம். சிறிய, தற்காலிகப் பாதிப்பு வரலாம் என்றால், தொடக்கநிலை மதிப்பீடு எழுத வேண்டும். அதற்கும் மேல் என்றால், முழுமையான மதிப்பீடு. இந்த மூன்றாம் படிதான் முக்கியமானது. வரைவு அறிக்கையை எல்லா உறுப்பு நாடுகளுக்கும் அனுப்ப வேண்டும். பொதுவெளியிலும் வைக்க வேண்டும். கருத்துச் சொல்ல 90 நாள் அவகாசம். ஒப்பந்த நாடுகளின் ஆண்டுக் கூட்டத்துக்குக் குறைந்தது 120 நாள் முன்பே வரைவு கையில் இருக்க வேண்டும். வந்த கருத்துகளுக்குப் பதில் சேர்த்து இறுதி அறிக்கையை வெளியிட்டு, 60 நாள் கழித்துத்தான் கடப்பாரையைத் தூக்கலாம்.

பாரதி நிலையம் இந்த வழியில் வந்ததுதான். நம் முதல் நிலையமான ‘தட்சிண கங்கோத்ரி’, 1983-84-ல் பனிப்படலத்தின் மேல் கட்டப்பட்டது. சில ஆண்டுகளிலேயே பனிக்குள் புதையத் தொடங்கி, 1990-ல் கைவிடப்பட்டது. இரண்டாவதான ‘மைத்ரி’யைப் பாறைத் தரையில் அமைத்தார்கள். மூன்றாவதாக லார்ஸ்மன் குன்றுப் பகுதியில் பாரதிக்கு இடம் பார்த்தபோது மாட்ரிட் நெறிமுறை வந்துவிட்டது. எனவே, வரைவு மதிப்பீட்டைச் சுற்றுக்கு விட்டு, மற்ற நாடுகளின் கருத்துகளைக் கேட்டு, இறுதி அறிக்கை தயாரித்த பிறகே கட்டினார்கள். 134 சரக்குக் கன்டெய்னர்களை இணைத்துக் கட்டிய அந்த நிலையம் 2012 மார்ச் 18-ல் செயல்படத் தொடங்கியது.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். மற்ற நாடுகள் கேள்வி கேட்கலாம். ‘கட்டாதே’ என்று தடுக்கும் அதிகாரம் அவற்றுக்கு இல்லை. கடைசி முடிவு சம்பந்தப்பட்ட நாட்டின் கையில்தான். ஆனாலும், எழுத்தில் வந்த கேள்விக்கு எழுத்தில் பதில் சொல்லியே ஆக வேண்டும். இந்த ஏற்பாட்டின் பலமே அதுதான்.

நம்ம ஊரில் என்ன விதி?

இந்தியாவில் 2006 செப்டம்பர் 14-ல் வெளியான சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கைதான் அடிப்படை. அதன்படி, கருத்துக்கேட்புக் கூட்டத்துக்குக் குறைந்தது 30 நாள் முன்பு நாளிதழ்களில் அறிவிப்பு வர வேண்டும். வரைவு அறிக்கையும், தமிழில் அதன் சுருக்கமும் மாவட்ட ஆட்சியர் அலுவலகம், மாவட்ட தொழில் மையம், உள்ளாட்சி அலுவலகம் போன்ற இடங்களில் பார்வைக்கு இருக்க வேண்டும். கூட்டத்தை மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் நடத்தும். ஆட்சியரோ, அவர் சார்பில் கூடுதல் ஆட்சியர் நிலைக்குக் குறையாத அதிகாரியோ தலைமை வகிக்க வேண்டும். பேசியதெல்லாம் வீடியோவில் பதிவாகும். கூட்ட நடவடிக்கைகளை முடிவில் தமிழில் வாசித்துக் காட்ட வேண்டும்.

2020-ல் வந்த புதிய வரைவு அறிவிக்கை, இந்த 30 நாளை 20 நாளாகக் குறைக்கப் பார்த்தது. தமிழ்நாட்டிலிருந்தும் பலத்த எதிர்ப்பு கிளம்பியதை வாசகர்கள் மறந்திருக்க மாட்டீர்கள். குடியிருக்க ஆளே இல்லாத கண்டத்துக்கு 90 நாள். கிணறும் ஆடும் மாடும் பிள்ளைகளும் இருக்கிற ஊருக்கு 30 நாள். அந்த 30 நாளையும் நாம் பயன்படுத்தாமல் விட்டால், யாரைக் குறை சொல்வது?

தொழிலே வேண்டாம் என்பதற்காக இதைச் சொல்லவில்லை. மழை பொய்த்த ஆண்டுகளில் இந்தக் கரிசல் பூமியின் எத்தனையோ வீடுகளில் அடுப்பு எரிய, பட்டாசும் தீப்பெட்டியும் அச்சுத் தொழிலும்தான் கைகொடுத்தன. தொழில் வரும்போது கிணற்றுக்கும் ஓடைக்கும் கணக்குச் சொல்லிவிட்டு வரட்டும் என்பதுதான் கேள்வி.

கூட்டத்தில் கேட்க 5 கேள்விகள்

பனிக்கண்டத்து முழு மதிப்பீட்டில் என்னென்ன இருக்க வேண்டும் என்று நெறிமுறை பட்டியல் போடுகிறது. அதையே நம் ஊருக்கு ஏற்றபடி மாற்றினால் இந்த ஐந்து கேள்விகள் கிடைக்கும்.

1. இன்றைய நிலை என்ன? எந்தெந்தக் கிணறு, போர்வெல், கண்மாயில், எந்த மாதம் தண்ணீர் எடுத்துப் பரிசோதித்தீர்கள்?

2. மாற்று இடம் பார்த்தீர்களா? இந்தத் திட்டமே வராவிட்டால் என்ன ஆகும் என்று ஆராய்ந்தீர்களா?

3. பக்கத்தில் ஏற்கெனவே இருக்கும் குவாரி, தொழிற்சாலைகளோடு சேர்த்துப் பார்த்தால் மொத்தப் பாதிப்பு எவ்வளவு?

4. உங்களுக்கே உறுதியாகத் தெரியாத விஷயங்கள் எவை? அறிக்கையில் அதை எழுதியிருக்கிறீர்களா?

5. தொடங்கிய பிறகு யார், எத்தனை மாதத்துக்கு ஒருமுறை கண்காணிப்பார்கள்?

முதல் கேள்விக்கு நாமும் தயாராக இருக்க வேண்டும். திட்டம் வருவதற்கு முன்பே, வேளாண்மைத் துறையின் மண் பரிசோதனை நிலையத்தில் உங்கள் மண்ணையும் பாசன நீரையும் கொடுத்துப் பரிசோதனை முடிவை வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். பேரியம் போன்ற உலோகங்களை வழக்கமான பரிசோதனை காட்டாது. அதற்கு அந்த வசதியுள்ள ஆய்வகத்தை நாட வேண்டும். ‘முன்னாடி தண்ணி நல்லாத்தான் இருந்துச்சு’ என்ற வாய்வார்த்தையைவிட, தேதி போட்ட ஒரு தாள் எந்த அலுவலகத்திலும் செல்லும்.

இதையொட்டி வாசகர்கள் கேட்டவை

‘2048-ம் ஆண்டோடு அண்டார்டிகா ஒப்பந்தம் காலாவதி ஆகிவிடுமாமே?’

காலாவதி ஆகாது. நெறிமுறை நடைமுறைக்கு வந்து 50 ஆண்டுகள் ஆன பிறகு, ஏதாவது ஓர் ஆலோசனை உறுப்பு நாடு விரும்பினால் மறுபரிசீலனைக் கூட்டம் கேட்கலாம். அவ்வளவுதான். அப்போதும், கனிமம் எடுப்பதைக் கட்டுப்படுத்தும் உறுதியான சட்ட ஏற்பாடு ஒன்று வராமல் தடையை நீக்க முடியாது.

‘கருத்துக்கேட்புக் கூட்டத்துக்குப் போக முடியவில்லை. என்ன செய்வது?’

எழுத்து மூலமாக மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு அனுப்பலாம். நகல் எடுத்து, அனுப்பியதற்கான சான்றையும் வைத்துக்கொள்ளுங்கள்.

‘பட்டாசு ஆலை ஒவ்வொன்றுக்கும் இந்தக் கூட்டம் உண்டா?’

இல்லை. 2006 அறிவிக்கையின் அட்டவணையில் வரும் திட்டங்களுக்குத்தான். பட்டாசு உற்பத்திக்கான உரிமம் வெடிபொருள் விதிகள், 2008-ன் கீழ் வருகிறது. அதற்கு மாவட்ட நிர்வாகத்தின் தடையின்மைச் சான்று தேவை. ஆட்சேபனை இருந்தால், திங்கள்கிழமை குறைதீர்க்கும் நாளிலும், மாதந்தோறும் நடக்கும் விவசாயிகள் குறைதீர்க்கும் நாளிலும் மனு கொடுக்கலாம்.

‘அனுமதி கொடுத்துவிட்டார்கள். இனி வழியே இல்லையா?’

இருக்கிறது. சுற்றுச்சூழல் அனுமதியை எதிர்த்து 30 நாள்களுக்குள் தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தில் மேல்முறையீடு செய்யலாம். தகுந்த காரணம் இருந்தால் மேலும் 60 நாள் வரை ஏற்பார்கள். தென்மண்டல அமர்வு சென்னையில் இருக்கிறது. அனுமதி பெற்றவர்கள், நிபந்தனைகளை நிறைவேற்றியதாக ஜூன் 1, டிசம்பர் 1 என ஆண்டுக்கு இருமுறை அறிக்கை தர வேண்டும். அது பொது ஆவணம்; நீங்கள் கேட்டு வாங்கலாம்.

கேள்வி கேட்ட நண்பருக்கு ஒரு வார்த்தை. நோட்டீஸ் ஒட்டிய நாளிலிருந்து கணக்கு ஓடத் தொடங்கிவிட்டது. நாளைக்கே ஆட்சியர் அலுவலகம் போய், தமிழ்ச் சுருக்கத்தை வாங்கிப் படியுங்கள். அதில் உங்கள் ஊர் ஓடையின் பெயர் இருக்கிறதா என்று முதலில் தேடுங்கள். இல்லை என்றால், கூட்டத்தில் நீங்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி கிடைத்துவிட்டது!