அண்டங்காக்கை தந்த குலப்பெயர்

கி.மு. 349. ரோமப் படைக்கு எதிரே வாட்டசாட்டமான ஒரு கெல்ட் வீரன் நின்றுகொண்டு, ஒற்றைக்கு ஒற்றை வரச் சொல்லி மிரட்டுகிறான். மார்கஸ் வலேரியஸ் என்ற இளைஞன் தலைவரிடம் அனுமதி வாங்கிக்கொண்டு இறங்குகிறான். மோதத் தொடங்கிய நொடியில் எங்கிருந்தோ பறந்துவந்த அண்டங்காக்கை ஒன்று அவன் தலைக்கவசத்தில் ஜம்மென்று உட்கார்ந்துவிட்டது! உட்கார்ந்ததோடு விட்டதா? எதிராளியின் முகத்தையும் கண்ணையும் அலகாலும் நகத்தாலும் பிறாண்டித் தள்ளி, அவன் மடிந்த பிறகுதான் கிழக்கே பறந்து மறைந்ததாம். வரலாற்றாசிரியர் லிவி சொல்லும் கதை இது. வலேரியஸுக்குப் பரிசு பத்து மாடுகள், ஒரு தங்கக் கிரீடம். அதைவிடப் பெரிய பரிசு, பெயரோடு ஒட்டிக்கொண்ட 'கோர்வஸ்'. லத்தீனில் அண்டங்காக்கை!

மறு ஆண்டே, 23 வயதில் கான்சல் பதவி. வாழ்நாளில் மொத்தம் ஆறு முறை. பேரரசர் அகஸ்டஸ் பிற்காலத்தில் தன் மன்றத்தில் அவருக்குச் சிலை வைத்தபோது, தலைமேல் காக்கையையும் மறக்காமல் வைத்தார். அந்த மரபில் வந்தவர்தான் கவிஞர் திபுல்லஸை ஆதரித்த மெஸ்ஸாலா கோர்வினஸ்.

இனிமேல்தான் திரைமறைவு வேலை. 1458-இல் ஹங்கேரியின் மன்னரான மத்தியாஸ் ஹுன்யாடி அரச வம்சத்தில் பிறந்தவர் அல்ல, தேர்ந்தெடுக்கப்பட்டவர். பழம்பெருமைக்கு எங்கே போவது? குடும்பச் சின்னத்தில், அலகில் மோதிரத்தைக் கவ்விய ஓர் அண்டங்காக்கை இருந்தது. அது போதாதா! அரசவையில் இருந்த இத்தாலிய அறிஞர் அந்தோனியோ பொன்ஃபினி, மன்னரை அந்த ரோமானியக் குடும்பத்தின் வாரிசாக்கி வம்சாவளியே எழுதிவிட்டார். ரத்த உறவுக்கு ஆதாரம் கிடையாது. இருந்தாலும் என்ன ஒரு துணிச்சல்! நடுவில் ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் இடைவெளி. அதை இரண்டு காக்கைகளை வைத்தே தாண்டிவிட்டார் மனிதர். எனக்கு லிவியின் போர்க்களத்தைவிட இந்த எழுத்து மேசைதான் பிடித்திருக்கிறது.

மத்தியாஸ் கோர்வினஸ் சேர்த்த நூலகத்துக்கும் 'கோர்வினா' என்றே பெயர். பொன்னும் வண்ணமுமாக இழைத்த கையெழுத்துச் சுவடிகள், அவற்றில் பலவற்றில் அதே காக்கைச் சின்னம்! 1526-இல் புடா நகரைச் சூறையாடிய ஒட்டோமான் படை பல சுவடிகளை இஸ்தான்புல்லுக்கு அள்ளிக்கொண்டு போனது. 1877-இல் சுல்தான் இரண்டாம் அப்துல் ஹமீது ஒரு பகுதியைத் திருப்பி அனுப்பிவைத்தார்.

மன்னரின் மகன் யானோஷ் கோர்வின் 1504-இல் இறந்தார். சிறுவனாக இருந்த பேரன் கிறிஸ்டோஃபும் மறு ஆண்டே போய்விட, ஆண்வழி அற்றுப்போனது. பெயர் மட்டும் அசையவில்லை: 2004 முதல் புடாபெஸ்டில் பொருளாதாரம் படிப்பவர்கள் சேரும் பல்கலைக்கழகமே கோர்வினஸ்தான்!