மீண்டும் கூடிய ‘சக்தி’

இசைக்கு முதுமை உண்டோ? ஆங்கிலேயக் கிற்றார் வித்துவான் ஜோன் மக்லாப்லின் 1970-களில் அமைத்த ‘சக்தி’ குழுவில், ஈழநாட்டில் வளர்ந்த எல். சங்கர் வயலினும், சாகிர் உசேன் தபேலாவும், விக்கு விநாயகராம் கடமும் வாசித்தனர்.

1977-இன் பின் கலையகத்திற் பதிந்த இசைத்தட்டு எதுவும் வரவில்லை. நாற்பத்தாறாண்டு கழிந்து, 2023-இல், ‘திஸ் மொமென்ற்’ வெளிவந்தது. மக்லாப்லினுக்கு அப்போது அகவை 81. விநாயகராமின் இடத்தில் அவர்தம் மைந்தர் செல்வகணேஷ் அமர்ந்தார். 2024-இல் கிராமி விருது வாய்த்தது. அவ்வாண்டு டிசம்பரிலேயே சாகிர் மறைந்தார். சிறிது தாமதித்திருப்பின் அக்கூட்டம் கூடியிராது.

பதுளைத் தோட்டங்களிலும், காமன் கூத்துக்குத் தப்பைத் தீயிற் காய்ச்சி முழக்கும் முதியோர் உளர். அவர்தம் கோல்கள் மைந்தர் கைக்கு மாறவேண்டும். அதற்குரிய காலம் இதுவே.