முதுநிலைப் பட்டமும் மொய்ப்பணமும்

இளநிலைப் பட்டத்துக்குப் பின் படிக்கும் எம்.ஏ., எம்.எஸ்சி., எம்.பி.ஏ., எம்.இ. போன்றவை முதுநிலைப் பட்டங்கள் எனப்படும். இவற்றுக்குப் போட்ட பணம் திரும்பி வருமா என்ற கேள்வி, புதுக்கோட்டை மாவட்டம் கீரமங்கலம் பகுதியில் சற்று வேறு வடிவில் எழுகிறது. அங்கே பிள்ளைகளின் படிப்புச் செலவுக்கு மொய் விருந்தில் கிடைக்கும் பணத்தை நம்பும் குடும்பங்கள் உண்டு.

கீரமங்கலம், வடகாடு, பேராவூரணி வட்டாரங்களில் ஆடி, ஆவணி மாதங்களில் மொய் விருந்து நடக்கும். ஒருவர் ஐந்தாண்டுக்கு ஒருமுறை விருந்து வைப்பது வழக்கம். கறிச்சோறு சாப்பிட்டவர்கள் மொய் எழுதுவார்கள். இதற்கு வட்டி இல்லை. ஆனால் மொய் செய்தவர் விருந்து வைக்கும்போது, வாங்கிய தொகையோடு கூடுதலாகச் சேர்த்துச் செய்ய வேண்டும். செய்யாவிட்டால் ஊருக்கே தெரியும். 2018 நவம்பரில் கஜா புயல் தென்னைகளைச் சாய்த்தபோது, இப்படித் திருப்பிச் செய்ய நம்பியிருந்த வருமானமும் சாய்ந்தது.

எனவே பட்டம் எவ்வளவு சம்பளம் தரும் என்பதோடு, எப்போது தரும் என்பதையும் பார்க்க வேண்டும். அரசுப் பள்ளியில் முதுநிலை ஆசிரியராக முதுநிலைப் பட்டமும் பி.எட்.டும் தேவை. இரண்டும் சேர்ந்து நான்கு ஆண்டுகள். அதன்பின் ஆசிரியர் தேர்வு வாரியத்தின் தேர்வுக்குக் காத்திருக்க வேண்டும். 2019, 2022, 2025 என அது இடைவெளி விட்டே நடந்துள்ளது. அதற்குள் மொய்ச் சுற்று ஒன்று முடிந்துவிடும்.

அரசுக் கல்லூரியில் கட்டணம் குறைவு என்பதால் படிப்பு மலிவு என்று நினைப்பது பாதிக் கணக்குதான். மாதம் 15,000 ரூபாய் வேலைக்குப் போகக்கூடிய பட்டதாரி இரண்டு ஆண்டுகள் படித்தால், விட்டுக்கொடுக்கும் வருமானம் மட்டும் 3,60,000 ரூபாய். வேலை கிடைக்கும் வரை சும்மா இருக்க வேண்டாமே என்று எம்.எஸ்சி. சேருபவர்களின் வீடுகளில் இந்தத் தொகையை யாரும் செலவாக எழுதுவதில்லை. அவர்களில் பலர் பிறகு எழுதும் குரூப் 4 தேர்வுக்குப் பத்தாம் வகுப்புத் தேர்ச்சியே போதும்.

தனியார் கல்லூரியில் எம்.பி.ஏ. என்றால் கணக்கு இன்னும் கடினம். 5 லட்சம் ரூபாய் கல்விக் கடனுக்கு 10 சதவீதத் தனிவட்டி என்று வைத்துக்கொண்டால், படிக்கும் இரண்டு ஆண்டும் அதன்பின் தரப்படும் ஓராண்டு அவகாசமும் முடிவதற்குள் வட்டி மட்டும் 1,50,000 ரூபாய். கல்லூரியின் பெயரை வைத்தே வேலைக்கு எடுக்கும் இப்படிப்பில், பெயரில்லாத கல்லூரிக்கு இவ்வளவு கொடுப்பது வீண் என்றே சொல்லலாம்.

விதிப்படியே பட்டம் தேவைப்படும் வேலைகளுக்கு இது பொருந்தாது. கல்லூரி உதவிப் பேராசிரியராக முதுநிலையில் 55 சதவீத மதிப்பெண்ணும் நெட் அல்லது செட் தேர்ச்சியும் வேண்டும். பட்டியல் சாதி, பழங்குடி உள்ளிட்ட பிரிவினருக்கு மதிப்பெண்ணில் தளர்வு உண்டு. பொறியியலில் கேட் தேர்ச்சியோடு எம்.டெக். சேருபவருக்கு மாதம் 12,400 ரூபாய் உதவித்தொகை கிடைக்கிறது. 24 மாதத்துக்கு 2,97,600 ரூபாய். அரசுக் கல்லூரியில் இடம் கிடைத்தால் விடுதிக்கும் சாப்பாட்டுக்கும் வீட்டில் கேட்க வேண்டியதில்லை.