தேய்வதற்கென்றே வரைந்த ஓவியங்கள்

தெருவில் வளர்ந்த கலை – 7

ஸ்கேட்போர்டின் மேற்பக்கத்தில் படம் வரைந்து பயனில்லை. கால் வழுக்காமலிருக்க அங்கே உப்புத்தாள் போன்ற கறுப்புத் தாளை ஒட்டிவிடுவார்கள். ஓவியத்துக்கு மிஞ்சுவது அடிப்பக்கம்தான். ஓட்டுபவர் பலகையோடு காற்றில் எழும்பும்போது மட்டும் அது கண்ணில் படும். படிக்கட்டுக் கைப்பிடியிலும் திண்டு விளிம்பிலும் பலகையைச் சறுக்கச் சறுக்க, வண்ணம் உரிந்து மரம் தெரியத் தொடங்கும். அழியப்போவது தெரிந்தே வரைந்த இந்தப் படங்களிலிருந்துதான் துடிப்பான ஓவிய மரபு ஒன்று கிளம்பியது.

கலிஃபோர்னியாவில் சாந்தா மோனிகாவும் வெனிஸ் கடற்கரையும் ஒட்டிக் கிடக்கும் பகுதிக்கு டாக்டவுன் என்று பெயர். 1970களின் தொடக்கத்தில் களிமண் சக்கரங்கள் போய் பாலியூரிதேன் சக்கரங்கள் வந்தன. தரையைப் பற்றிக்கொண்டு ஓடும் சக்கரம் கிடைத்ததும் அலைச்சறுக்குப் பிள்ளைகள் கடலில் செய்ததைச் சிமெண்டில் செய்யத் துணிந்தார்கள். 1976-77இல் கடும் வறட்சி. வீடுகளின் நீச்சல் குளங்கள் வற்றிக் கிடந்தன. வேலி தாண்டிக் குதித்த அந்தப் பிள்ளைகளுக்கு, வளைந்த குளச் சுவர் உறைந்து நிற்கும் அலையாகத் தெரிந்தது. ஊரே பயனற்றதென்று விட்ட இடத்தில் ஒரு வடிவத்தைக் கண்டுகொண்ட அந்தக் கண், ஓவியனின் கண். கிரெய்க் ஸ்டெசிக் அதைப் படம்பிடித்து, ‘ஸ்கேட்போர்டர்’ இதழில் எழுதி உலகுக்குக் காட்டினார்.

அதே வட்டத்தைச் சேர்ந்த வெஸ் ஹம்ப்ஸ்டன் நண்பர்களின் பலகைகளில் கையாலேயே வரைந்து கொடுத்தார். அதுவரை பலகைகளில் பெரும்பாலும் கம்பெனிப் பெயர்தான் இருந்தது. குளங்களில் ஓட்டுவதற்காகப் பலகைகள் அகலமாயின. ஓவியருக்கும் இடம் விரிந்தது. 1980களில் சில்க் ஸ்கிரீன் அச்சில் பவல் பெரால்டா நிறுவனத்துக்காக வி.சி. ஜான்சன் வரைந்த மண்டையோடுகளும், சாந்தா குரூஸ் நிறுவனத்துக்காக ஜிம் ஃபிலிப்ஸ் 1985இல் வரைந்த, உள்ளங்கையில் வாய் பிளந்து அலறும் நீலக் கையும் நாடு நாடாகப் பரவின. அருங்காட்சியகப் பக்கமே போகாத எத்தனையோ சிறுவர்களுக்கு முதல் ஓவியக்கூடம் ஸ்கேட்போர்டுக் கடையின் சுவர்தான்.

அந்தத் தலைமுறையிலிருந்தே ஓவியர்களும் வந்தார்கள். தெருச் சறுக்கலின் முன்னோடியான மார்க் கோன்சாலஸ் தம் பலகைகளுக்குத் தாமே படம் வரைந்தார். 1998இல் ஜெர்மனியின் மென்ஷன்கிளாட்பாக் நகர அருங்காட்சியகத்துக்குள் வெள்ளை வாள்சண்டை உடையில் ஸ்கேட்போர்டு ஓட்டினார். பலகையில் இருந்த ஓவியம் ஒருபுறமிருக்க, ஓட்டுவதையே கலையாக அன்று அவர் முன்வைத்தார். ஹண்டிங்டன் பீச்சைச் சேர்ந்த எட் டெம்பிள்டன், சறுக்கு வீரராக இருந்துகொண்டே தம் கூட்டாளிகளின் வாழ்க்கையைப் புகைப்படங்களாகவும் ஓவியங்களாகவும் பதிவுசெய்தார். நியூயார்க்கில் ஆரன் ரோஸ் நடத்திய அலெஜ்ட் கேலரி இத்தகையவர்களுக்குச் சுவர் கொடுத்தது. அவர் இன்னொருவரோடு சேர்ந்து தொகுத்த ‘பியூட்டிஃபுல் லூசர்ஸ்’ கண்காட்சி 2004இல் பெரிய கலைக்கூடங்களுக்குள் நுழைந்தது.

சந்தையும் பின்னாலேயே வந்தது. டேமியன் ஹர்ஸ்ட், ஜெஃப் கூன்ஸ், தகாஷி முரகாமி போன்ற புகழ்பெற்றவர்கள் சுப்ரீம் நிறுவனத்தின் பலகைகளுக்குப் படம் தந்தார்கள். அந்நிறுவனத்தின் 248 பலகைகள் கொண்ட தொகுப்பு 2019 ஜனவரியில் சோதபீஸ் ஏலத்தில் 8 லட்சம் டாலருக்குப் போனது.

இந்த மதிப்பு கிடைத்ததில் எனக்கு மகிழ்ச்சியே. தெருப் பிள்ளைகளின் கிறுக்கல் என்று ஒதுக்கப்பட்டது கலையென ஏற்கப்பட்டிருக்கிறது. ஆனால் ஏலத்தொகையை மட்டும் வைத்து இந்தக் கலையை அளந்தால், கீறல் விழாத பலகையே உயர்ந்தது என்றாகிவிடும். பலகை ஓடியதால்தான் இந்தக் கலை பிறந்தது. ஓட்டியவர்களே அதை வளர்த்தார்கள். தேய்ந்த பலகை எதையாவது பார்க்க நேர்ந்தால், திருப்பிப் பாருங்கள். அங்கே மிச்சமிருக்கும் வண்ணத்தோடு கீறல்களையும் சேர்த்தே அந்த ஓவியத்தைப் படிக்க வேண்டும்.

(தொடரும்)