அறுந்த கம்பியை நம்ப வேண்டாம்

2018 நவம்பர் 16-ல் கஜா புயல் வேதாரண்யம் பகுதியில் கரை கடந்தபோது லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் சேதமாயின. பல கிராமங்களுக்கு மின்சாரம் வர வாரக்கணக்கில் ஆயிற்று. ஆபத்து அந்த நாட்களில்தான். தென்னை விழுந்து அறுந்த கம்பியில் காலையில் மின்சாரம் இராது. லைனைச் சரிசெய்ததும் பாய்ந்துவிடும். மெயினை அணைக்காமல் யாரோ ஜெனரேட்டரை வீட்டு வயரிங்கில் இணைத்தாலும் அப்படியே. ஆகவே வயலில் கிடக்கும் கம்பியைக் கழியால்கூட நகர்த்தக் கூடாது. ஈரக் கழி மின்சாரத்தைக் கடத்தும். மாடுகளையும் அப்பக்கம் விடக் கூடாது. முன்காலுக்கும் பின்காலுக்கும் இடைவெளி அதிகமாதலால் ஈரமண்ணில் அவற்றுக்கே அதிர்ச்சி கடுமையாக இருக்கும். மின்வாரியத்துக்கு உடனே தகவல் தர வேண்டும்.

புயல் எச்சரிக்கை வந்ததுமே, மழைக்கு முன்பே, பம்பு செட்டின் மெயின் சுவிட்சை அணைத்து பியூஸ் கட்டைகளைக் கழற்றி வைப்பது நல்லது. நனைந்த மோட்டாரைக் காயவைத்து, எலக்ட்ரீஷியன் சோதித்த பிறகே ஓட்டலாம்.