எரிவாயுக் கலனின் பசி

ஏரிச் சேற்றை ஒரு கழியால் கிளறினால் குமிழ்கள் எழும். 1776ஆம் ஆண்டு இத்தாலியின் மஜோரே ஏரியில் அலெசாந்த்ரோ வோல்டா அந்தக் குமிழ்களைக் குடுவையில் பிடித்துத் தீ வைத்துப் பார்த்தார். எரிந்தது. அது மீத்தேன். திருவண்ணாமலையை ஒட்டிய வேங்கிக்கால் ஏரியின் அடிச்சேற்றிலும் இதே வேலை சத்தமில்லாமல் நடந்துகொண்டுதான் இருக்கிறது. அந்த வேலையைத் தொட்டிக்குள் வைத்து நடத்துவதுதான் சாண எரிவாயு.

இந்தியாவில் இந்தத் தொட்டிக்கு நீண்ட வரலாறு உண்டு. 1950களில் ஜஷ்பாய் படேல் மிதக்கும் டிரம் வைத்த கலனை உருவாக்கினார். காதி கிராமத் தொழில் ஆணையம் அதை நாடெங்கும் கொண்டு சென்றது. 1984இல் செலவு குறைந்த ‘தீனபந்து’ கலன் வந்தது. கவனமெல்லாம் செங்கல், இரும்பு, கூரை வடிவம் என்றே போயிற்று. உள்ளே உழைக்கும் உயிர்களைப் பற்றிய பேச்சு குறைவு. ஆனால் ஒரே அளவுக் கலனில் ஒரு வீட்டில் அடுப்பு நன்றாக எரிவதற்கும், பக்கத்து வீட்டில் மங்கிப் போவதற்கும் காரணம் பெரும்பாலும் அவைதான்.

கலனுக்குள் நான்கு கட்டங்கள். முதல் கூட்டம் மாவுச்சத்து, புரதம், கொழுப்பு ஆகியவற்றை உடைத்துக் கரைக்கிறது. இரண்டாவது, கரைந்ததை அமிலங்களாக்குகிறது. மூன்றாவது, அந்த அமிலங்களை அசிட்டேட்டாகவும் ஹைட்ரஜனாகவும் மாற்றுகிறது. கடைசிக் கூட்டம்தான் மீத்தேன் தருகிறது. அவை பாக்டீரியாக்களே அல்ல, ஆர்க்கியா என்ற தனி வகை உயிர்கள் என்று 1977இல் கார்ல் வோஸ் காட்டினார்.

இந்தக் கூட்டங்கள் ஒன்றையொன்று நம்பியே பிழைக்கின்றன. சாராயத்தை மீத்தேனாக்கும் ஒற்றை நுண்ணுயிர் என்று பல காலம் கருதப்பட்ட ஒன்று, உண்மையில் சேர்ந்து வாழும் இரண்டு உயிர்கள் என்பது 1967இல் தெரிந்தது. ஒன்று வெளியிடும் ஹைட்ரஜனை மற்றது உடனுக்குடன் எடுத்துக்கொண்டால்தான் முதலாவதன் வேலையே நடக்கும். ஆகவே வாயுவைக் கூட்ட வேண்டுமென்றால் ஒரு கூட்டத்தை மட்டும் கொழுக்க வைத்துப் பயனில்லை.

திருவண்ணாமலையை எடுத்துக்கொள்வோம். பௌர்ணமிதோறும் 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையில் லட்சக்கணக்கானோர் நடக்கிறார்கள். அன்னதானம் நடக்கும் இடங்களில் சோறும் காய்கறிக் கழிவும் மிஞ்சுகின்றன. இலைத் தட்டுகள் குவிகின்றன. நகரை ஒட்டிய வேங்கிக்காலைத் தாண்டினால் கறவை மாடுகளும் நெல் வயல்களும் உள்ள கிராமங்கள். சோறு, வைக்கோல், சாணம் என மூன்று சரக்கும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கின்றன. மூன்றின் குணமும் வேறு.

சோறு வெகு விரைவில் செரிக்கும். புனேயில் ஆனந்த் கார்வேயின் ஆர்த்தி நிறுவனம், சாணத்துக்குப் பதில் மாவுச்சத்துக் கழிவைப் போட்டு ஓடும் சிறு கலனை உருவாக்கி 2006இல் ஆஷ்டன் விருது பெற்றது. கன்னியாகுமரி விவேகானந்த கேந்திரத்தின் ‘சக்தி சுரபி’யும் சமையலறைக் கழிவில் ஓடுவதே. ஆனால் இதில் ஓர் ஆபத்து உண்டு. அமிலம் செய்யும் பாக்டீரியா சில மணி நேரத்தில் இரட்டிப்பாகிவிடும். மீத்தேன் தரும் உயிருக்குச் சில நாட்கள் ஆகும். பௌர்ணமி மறுநாள் மிஞ்சிய சோற்றையெல்லாம் ஒரேயடியாகக் கொட்டினால் அமிலம் தேங்கும், கார அமில நிலை (pH) 6.5க்குக் கீழே இறங்கும், மீத்தேன் நின்றுபோகும். தினமும் கொஞ்சமாகப் போடுவதே முதல் மருந்து. பெரிய அளவில் செய்வோருக்கு இரண்டு கலன் முறை இருக்கிறது. முதல் கலனில் அமிலமாக்கி, அளவாக இரண்டாவதற்கு அனுப்பலாம்.

வைக்கோலின் சிக்கல் நேர்மாறானது. அதிலுள்ள செல்லுலோஸை லிக்னின் சுற்றி மூடியிருக்கிறது. காற்றில்லாக் கலனில் லிக்னின் அநேகமாக அசையாது. அதை உடைக்கத் தெரிந்தவை காற்றில் வாழும் வெண்ணழுகல் பூஞ்சைகள். நாம் சாப்பிடும் சிப்பிக் காளானும் அந்த இனம்தான். வைக்கோலில் காளான் வளர்த்து அறுத்தபின் மிஞ்சும் படுகை ஓரளவு இளகியிருக்கும். அதை நறுக்கிக் கலனுக்கு அனுப்பினால் நுண்ணுயிர்களுக்கு எட்டும். பூஞ்சையும் கொஞ்சம் சர்க்கரையைத் தின்றுவிடும் என்பது உண்மையே. ஆனால் காளான் விற்ற காசு கையில் இருக்கிறது.

மூன்றாவது சரக்கான சாணம், தன்னளவில் குறைந்த வாயுவே தரும். ஒரு கிலோவுக்கு ஏறத்தாழ 40 லிட்டர். 2 கன மீட்டர் கலனுக்குத் தினம் 50 கிலோ வேண்டும். அதன் மதிப்பு வேறிடத்தில் இருக்கிறது. மாட்டின் வயிற்றிலிருந்தே மீத்தேன் உயிர்களைச் சுமந்து வருகிறது. அமிலத்தைத் தாங்கும் காரத்தன்மை, அந்த உயிர்களின் நொதிகளுக்குத் தேவையான நிக்கல், கோபால்ட் போன்ற நுண்சத்துகள் ஆகியவையும் அதில் உண்டு. புதுக் கலனைத் தொடங்கும்போது நன்றாக ஓடும் பழைய கலனின் கரைசலை ஊற்றுவது, பாலுக்கு உறை குத்துவது மாதிரிதான். வெளிவரும் கரைசலில் ஒரு பங்கைத் திரும்ப உள்ளே விட்டால் தண்ணீரும் மிச்சம், நுண்ணுயிரும் மிச்சம்.

மூன்றையும் கலப்பதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. கரிமமும் நைட்ரஜனும் 20 முதல் 30க்கு 1 என்ற விகிதத்தில் இருந்தால் நல்லது. சாணம் சுமார் 25. வைக்கோல் 70ஐ ஒட்டி. கோழி எச்சம் 10ஐ ஒட்டி நிற்பதால் தனியாகப் போட்டால் அம்மோனியா மிகுந்து மீத்தேன் உயிர்களை முடக்கும். முட்டைக்குப் பெயர்பெற்ற நாமக்கல்லில் இந்தியன் ஆயிலின் கூட்டு நிறுவனம் அமைத்த அழுத்த உயிரி எரிவாயு ஆலை கோழி எச்சத்தைப் பிற கழிவுகளோடு சேர்த்தே பயன்படுத்துகிறது.

வெப்பமும் நமக்குச் சாதகம். இந்நுண்ணுயிர்களுக்கு 35 டிகிரி செல்சியஸ் உகந்தது. அதனால்தான் தமிழ்நாட்டுக் கலனில் சாணம் 30 நாட்கள் தங்கினால் போதும் என்றும், குளிர்ந்த மலை மாநிலங்களில் 55 நாட்கள் வேண்டும் என்றும் வடிவமைக்கிறார்கள்.

‘கல்ச்சர்’ என்று பாக்கெட்டில் விற்கும் நுண்ணுயிர்ப் பொடிகளை நம்பிப் பணம் போடுமுன் யோசிக்க வேண்டும். வெளியிலிருந்து வரும் வகை, உள்ளே வேரூன்றிய கூட்டத்தோடு போட்டியிட முடியாமல் பெரும்பாலும் கரைசலோடு வெளியேறிவிடும். தீவனம் சரியில்லாத கலனை எந்தப் பொடியும் காப்பாற்றாது.

கலன் வைத்திருப்போர் செய்யக்கூடியவை எளியவை: தினம் ஒரே அளவு, சோறு மிகுந்தால் சாணமும் சேர்த்து, சோப்புத் தண்ணீரும் பினாயிலும் கூடாது, மருந்து ஊசி போட்ட மாட்டின் சாணத்தைச் சில நாள் ஒதுக்கி வையுங்கள். 2024இல் மாநகராட்சியாகிவிட்ட திருவண்ணாமலை செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று. அன்னதானக் கழிவில் பிளாஸ்டிக் கலக்காமல், அது கிடைக்கும் இடத்திலேயே பிரித்து வாங்க வேண்டும். அது நடந்தால் மற்றதை நுண்ணுயிர்கள் பார்த்துக்கொள்ளும்.