விரல் பட்டது... விழுந்தார் சாம்பியன்!

1999, ஜனவரி 4. திங்கட்கிழமை ராத்திரி. அமெரிக்காவின் அட்லாண்டா நகரம். ஜார்ஜியா டோம் என்கிற பிரும்மாண்டமான ஸ்டேடியத்தில் கூட்டமோ கூட்டம். ரிங்குக்குள் இரண்டு பேர். ஒருவர் சாம்பியன் கெவின் நாஷ். ஏறத்தாழ ஏழடி உயரம், வாசற்கதவை அடைக்கிற உடம்பு. எதிரே மஞ்சள் மீசை ஹல்க் ஹோகன்.

மணி அடித்தாயிற்று. முறைத்துக்கொள்கிறார்கள். நாஷ் ஒரு தள்ளு தள்ளுகிறார். ஹோகன் கையை ஓங்கிக்கொண்டு வருகிறார். 'ஆஹா, விழப்போகுது குத்து!' என்று ஜனம் ஸீட் நுனிக்கு வருகிறது. ஹோகன் குத்தவில்லை. ஆள்காட்டி விரலால் நாஷின் நெஞ்சில் லேசாக ஒரு தொடு. அவ்வளவுதான்!

நாஷ் பீரங்கிக் குண்டு பட்டவர் மாதிரி மல்லாக்க விழுந்தார். ஹோகன் மேலே படுத்தார். ரெஃப்ரீ ஒன்று, இரண்டு, மூன்று எண்ணினார். பெல்ட் கை மாறிவிட்டது. எங்கள் தெருக் குழந்தைகள்கூட சண்டை விளையாட்டில் இன்னும் கொஞ்சம் முரண்டு பிடித்துத்தான் விழும்!

காசு கொடுத்து டிக்கெட் வாங்கி வந்தவர்களின் முகம் எப்படி இருந்திருக்கும்? அதே நிகழ்ச்சியில் அதைவிடப் பெரிய கூத்து ஒன்று மைக்கில் நடந்தது. அதை அப்புறம் சொல்கிறேன். முதலில் முன்கதைச் சுருக்கம்.

நிகழ்ச்சியின் பெயர் 'மன்டே நைட்ரோ'. நடத்தியது டபிள்யூ.சி.டபிள்யூ. இதற்குப் போட்டி டபிள்யூ.டபிள்யூ.எஃப்.பின் 'ரா'. (இத்தனை 'டபிள்யூ'வை அடிக்க விரல் ஒத்துழைக்காது. எனவே இனிமேல் டர்னர் கம்பெனி, மக்மேன் கம்பெனி. சரியா?)

'அதெல்லாம் பொய்ச் சண்டைதானே சார்?' என்று ஒருவர் கை தூக்குவது தெரிகிறது. பொய்தான். யார் ஜெயிப்பார் என்று முன்கூட்டியே பேசி வைத்த சண்டைதான். எனக்கு எட்டு வயசில் ட்ரம்ப் கார்டு பைத்தியம் பிடித்திருந்தபோது எங்கப்பாவும் இதையேதான் சொன்னார். அண்டர்டேக்கர் கார்டு கையில் இருந்தால் அன்றைக்கு வகுப்பில் அவன்தான் ராஜா என்கிற நிலைமையில், அப்பா சொல்வதை யார் கேட்டார்கள்? நைட்ரோவை நான் முழுசாகப் பார்த்தது பிற்பாடு, பி.காம். முடித்து வேலை தேடிய நாட்களில், கம்ப்யூட்டரில். அட்டையில் பார்த்த ஆசாமிகளை லாப நஷ்டக் கணக்கோடு பார்த்தேன். சண்டையைவிட அந்தக் கணக்குதான் பயங்கரம்!

டெட் டர்னர் சி.என்.என். ஆரம்பித்தாரே, அதே மனுஷர். 1988-ல் ஒரு மல்யுத்தக் கம்பெனியை வாங்கிப் போட்டார். பணம் இருந்தது, சேனல் இருந்தது, பேர்தான் கிடைக்கவில்லை. எங்கே பார்த்தாலும் வின்ஸ் மக்மேன் கொடிதான் பறந்தது. 1995-ல் டர்னர், தம் மல்யுத்தப் பிரிவின் தலைவர் எரிக் பிஷாஃபைக் கூப்பிட்டு, 'மக்மேனோடு மோத உனக்கு என்ன வேணும்?' என்று கேட்டாராம். பிஷாஃப் யோசித்து வைத்துக்கொண்டு போகவில்லை. வாயில் வந்ததைச் சொன்னார்: எல்லாரும் டி.வி. பார்க்கிற நேரம் வேண்டும். திங்கட்கிழமை ராத்திரி, மக்மேனின் 'ரா' ஓடுகிற அதே நேரத்தை, தம் டி.என்.டி. சேனலில் தூக்கிக் கொடுத்துவிட்டார் டர்னர். பிஷாஃபே பல பேட்டிகளில் சொல்லியிருக்கும் கதை இது. பிஷாஃபும் லேசுப்பட்ட ஆளில்லை. 1990-ல் மக்மேன் கம்பெனியில் அறிவிப்பாளர் வேலைக்குப் போய், தேறாமல் திரும்பியவர். இன்டர்வியூவில் ஃபெயிலானவன் எதிர் கம்பெனிக்கு மேனேஜரானால் சும்மா இருப்பானா?

1995 செப்டம்பர் 4-ம் தேதி முதல் நைட்ரோ. மினசோட்டா மாநிலத்தில் 'மால் ஆஃப் அமெரிக்கா' என்கிற ராட்சச ஷாப்பிங் வளாகத்தின் நடுவில் ரிங் போட்டார்கள். சண்டை நடக்கும்போது திடீரென்று லெக்ஸ் லூகர் நடந்து வருகிறார். ஜனத்துக்கு வாய் அடைத்துப் போய்விட்டது. ஏனென்றால் முதல் நாள் ராத்திரிவரை அவர் மக்மேன் கம்பெனிக்காகச் சண்டை போட்டவர்! ராஜினாமா லெட்டரை டி.வி.யிலேயே காட்டிய மாதிரி.

நைட்ரோவின் தாரக மந்திரமே இதுதான். நேரடி ஒளிபரப்பு, எப்ப வேணாலும் எதுவும் நடக்கும். மக்மேனின் 'ரா' அப்போது பெரும்பாலும் முன்கூட்டியே பதிவு செய்ததுதான். அதனால் பிஷாஃப் ஒரு குறும்பு செய்தார். நைட்ரோ நேரலையில் மைக்கைப் பிடித்து, 'அந்தச் சேனலுக்குப் போகாதீங்க, அங்கே இன்றைக்கு இன்னார்தான் ஜெயிக்கிறார்' என்று முடிவைப் போட்டு உடைத்துவிடுவார். எதிர்க்கடை வாசலில் நின்றுகொண்டு 'அங்கே வடை ஊசிப்போச்சு' என்று கூவுகிற வியாபாரம். ஆனால் எடுபட்டது! இந்தக் குறும்பை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

1996 மே 27. கூட்டத்துக்குள்ளிருந்து சாதாரண உடையில் ஒருத்தர் ரிங்குக்குள் ஏறி மைக்கைப் பிடுங்குகிறார். ஸ்காட் ஹால். மக்மேன் கம்பெனியில் 'ரேஸர் ராமோன்' என்று பிரபலமாக இருந்தவர். 'நான் யாருன்னு உங்களுக்குத் தெரியும். ஏன் வந்திருக்கேன்னு தெரியாது' என்கிற தினுசில் பேசினார். பார்த்தவர்களுக்குச் சந்தேகம்: நிஜமாகவே மக்மேன் ஆள் அனுப்பிக் கம்பெனியைப் பிடிக்கப் பார்க்கிறாரா? இரண்டு வாரத்தில் கெவின் நாஷ் வந்தார். ஜூலை 7-ம் தேதி மூன்றாவது ஆள் யாரென்று தெரிந்தபோதுதான் குண்டு வெடித்தது. ஹல்க் ஹோகன்! வைட்டமின் சாப்பிடு, பிரார்த்தனை பண்ணு என்று குழந்தைகளுக்கு உபதேசம் செய்த நல்லவர், வில்லனாகிவிட்டார். ஜனம் கையில் கிடைத்த குப்பையையெல்லாம் ரிங்குக்குள் எறிந்தது. எம்.ஜி.ஆர். கடைசி ரீலில் நம்பியாரோடு கை கோத்தால் இங்கே தியேட்டர் என்ன ஆகியிருக்கும்? அப்படி!

அப்புறம் நைட்ரோ காட்டில் மழை. ரேட்டிங்கில் தொடர்ந்து 83 வாரம் மக்மேனைத் தோற்கடித்தது. ஒன்றரை வருஷத்துக்கு மேல் திங்கட்கிழமை என்றால் நைட்ரோதான்.

*

எங்கே சறுக்கியது? இதைப் பற்றி மல்யுத்த ரசிகர்கள் இன்றைக்கும் அடித்துக்கொள்கிறார்கள். என் கட்சியைச் சொல்லிவிடுகிறேன். எதிரி அடித்து விழுந்த கம்பெனி இல்லை இது. உள்ளே நடந்த சமாசாரங்களை ஆபீஸில் வேலை பார்க்கிற யாரும் சுலபமாகப் புரிந்துகொள்வார்கள்.

முதலில் சம்பளம். பெரிய தலைகளுக்கெல்லாம் உறுதிச் சம்பளம். சண்டை போட்டாலும் போடாவிட்டாலும் மாசம் பிறந்தால் செக். உச்சகட்டம் லானி பாஃபோ. ராண்டி சாவேஜின் தம்பி. அண்ணன் சிபாரிசில் சேர்ந்து, வருஷக்கணக்கில் சம்பளம் வாங்கினார். ரிங்கில் ஏறச் சொல்லி யாரும் கூப்பிடவே இல்லை! அவரே பிற்பாடு பேட்டிகளில் சிரித்துக்கொண்டே சொன்னார். நமக்கெல்லாம் ஏன் சார் அப்படி ஒரு அண்ணன் அமையவில்லை?

இரண்டாவது, ஹோகனின் ஒப்பந்தம். கதையில் தனக்கு என்ன நடக்கலாம், நடக்கக் கூடாது என்று சொல்லும் உரிமை அவருக்கு எழுத்திலேயே இருந்தது. ஸ்டிங் என்றொரு வீரர். முகத்தில் வெள்ளைச் சாயம் பூசி, கருப்புக் கோட்டு மாட்டிக்கொண்டு அரங்கத்தின் கூரையில் நின்று பார்த்துக்கொண்டே இருப்பார். சில நாள் கயிற்றில் இறங்கி வருவார். வாயைத் திறக்க மாட்டார். பதினைந்து மாசம் ஒரு சண்டைகூட இல்லை. இவர் ஹோகனை எப்போது அடிப்பார் என்று ஊரே காத்திருந்தது. 1997 டிசம்பர் 28-ல் அந்தச் சண்டை. ரெஃப்ரீ ஹோகனுக்குச் சாதகமாக வேகமாக எண்ணி மோசம் செய்ய வேண்டும், அந்த அநியாயத்தைத் தட்டிக் கேட்டு ஸ்டிங் ஜெயிக்க வேண்டும். இது கதை. நடந்தது? ரெஃப்ரீ சாதாரணமாகத்தான் எண்ணினார். ஸ்டிங் சுத்தமாகத் தோற்ற மாதிரி ஆகிவிட்டது. உடனே இன்னொருவர் ஓடி வந்து 'அநியாயம், அநியாயம்' என்று கத்த, 'என்னய்யா அநியாயம்?' என்று ஜனம் முழித்தது. பதினைந்து மாசம் பட்டினி போட்டு, இலை போட்டு உட்கார வைத்து, சாம்பாரைத் தரையில் கொட்டின கதை.

மூன்றாவதுதான் எனக்கு ரொம்ப முக்கியமாகப் படுகிறது. யாரையெல்லாம் அந்தக் கம்பெனி வெளியே விட்டது? பிற்பாடு அண்டர்டேக்கராக ஆன மனுஷர் 1990 வரை அங்கே இருந்தார். அவர் அருமை தெரியவில்லை. டிரிபிள் எச் வேறு பேரில் இருந்தார், போய்விட்டார். மிக் ஃபோலி 1994-ல் போனார். ஸ்டீவ் ஆஸ்டின் 1995-ல் காயம்பட்டு வீட்டில் இருந்தபோது வேலையை விட்டே எடுத்தார்கள்.

அந்த ஆஸ்டின் மக்மேன் கம்பெனிக்குப் போய் என்ன செய்தார் தெரியுமா? முதலாளியை அடிக்கிற தொழிலாளி வேஷம்! நிஜ முதலாளி மக்மேனே வில்லனாக நடிக்க, ஆஸ்டின் வாரா வாரம் அவரைப் புரட்டி எடுத்தார். திங்கட்கிழமை பகலெல்லாம் மேனேஜரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டு வீடு திரும்புகிறவனுக்கு இதைவிடப் பெரிய ஆறுதல் உண்டா? 1998 ஏப்ரல் 13-ம் தேதி 83 வார ஓட்டம் நின்றது. அன்றைக்கு 'ரா'வின் சரக்கு, ஆஸ்டின் எதிர் மக்மேன்.

நைட்ரோ கையிலும் ஒரு துருப்புச் சீட்டு இருந்தது. கோல்ட்பெர்க். அமெரிக்கக் கால்பந்து ஆடிவிட்டு வந்தவர். 1997 செப்டம்பரில் அறிமுகம். அதிலிருந்து தோல்வியே கிடையாது. வாராவாரம் வெற்றிக் கணக்கு ஏறிக்கொண்டே போகும். ஒரு வாரத்தில் எத்தனை நாள் உண்டோ அதைவிட அதிகமாகவும் ஏறும்! (எங்கள் ஆடிட்டராக இருந்தால் கையெழுத்துப் போட்டிருக்க மாட்டார்.) ஆனால் ஜனம் நம்பியது, கோல்ட்பெர்க் பேரைச் சொல்லிக் கத்தியது. 1998 ஜூலை 6-ல் ஹோகனைத் தோற்கடித்துப் பட்டம் வாங்கினார். தனிக் கட்டணம் வைத்துக் காட்டினால் கோடிகள் குவிந்திருக்கும் சண்டை. ரேட்டிங் அவசரத்தில் நைட்ரோவில் சும்மாவே காட்டினார்கள். 173 வெற்றிக்கு அப்புறம் டிசம்பர் 27-ல் நாஷ் அவரைத் தோற்கடித்தார். அதுவும் நேர்வழியில் இல்லை, கூட்டாளி ஹால் மின்சாரக் கருவியால் ஷாக் வைத்து. சரி, பழிவாங்கும் சண்டையாவது வருமே என்று ஜனவரி 4-ம் தேதி ஜனம் திரண்டது. கோல்ட்பெர்கைக் கதைப்படி போலீஸ் பிடித்துக்கொண்டு போயிற்று. பதிலுக்கு ஹோகன் வந்தார். விரலை நீட்டினார்.

இப்போது அந்த மைக் சமாசாரம். அன்றைக்கு 'ரா'வில் பழைய பதிவுதான். அதில் மிக் ஃபோலி முதல் தடவையாக உலக சாம்பியன் ஆகிறார். பிஷாஃபுக்குப் பழைய குறும்பு ஞாபகம் வந்தது. அவர் உத்தரவுப்படி வர்ணனையாளர் டோனி ஷியாவோனி நேரலையில் முடிவைச் சொன்னார். நம்மிடம் இருந்தாரே ஃபோலி, அவர்தான் அங்கே இன்று பட்டம் வாங்கப் போகிறார் என்று சொல்லி, இதற்காகத்தான் கூட்டம் அலைமோதப் போகிறதாக்கும் என்று ஒரு கிண்டலும் செய்தார்.

லட்சக்கணக்கான வீடுகளில் ரிமோட்டைத் தேடினார்கள். சேனல் மாறியது!

ஃபோலியை ஜனத்துக்குத் தெரியும். அழகன் இல்லை, உடற்கட்டு இல்லை, ஒரு பக்கக் காது 1994-ல் ஜெர்மனியில் நடந்த சண்டையில் அறுந்து போனது. ஆறு மாசம் முன்னால்தான் பதினாறடிக் கூண்டின் மேலிருந்து தூக்கி எறியப்பட்டும் எழுந்து வந்து சண்டை போட்டிருந்தார். முடிவு பேசி வைத்தது என்றாலும் விழுந்தது நிஜம்தானே? அப்படிப்பட்டவர் ஜெயிக்கப் போகிறார் என்று தெரிந்தால் எவன் பார்க்காமல் இருப்பான்? முடிவைச் சொன்னதே விளம்பரமாகிவிட்டது. அன்றைய ரேட்டிங்கில் 'ரா' ஜெயித்தது. அடுத்த வாரங்களில் ரசிகர்கள் ஃபோலிக்காகத்தான் வந்தோம் என்று அந்தக் கிண்டலையே அட்டையில் எழுதிப் பிடித்தார்கள்.

அப்புறம் நடந்ததை வேகமாகச் சொல்லிவிடுகிறேன், சொல்லவே கஷ்டமாக இருக்கிறது. 1999 செப்டம்பரில் பிஷாஃபை ஒதுக்கினார்கள். மக்மேனிடமிருந்து கதாசிரியர் வின்ஸ் ரூஸோவைக் கொண்டுவந்தார்கள். 2000 ஏப்ரலில் டேவிட் ஆர்கெட் என்கிற சினிமா நடிகரை உலக சாம்பியனாக்கினார்கள். செப்டம்பரில் கதாசிரியரே பெல்ட்டைக் கட்டிக்கொண்டார்! அந்த ஒரு வருஷ நஷ்டம் 6 கோடி டாலருக்கு மேல் என்று செய்தி வந்தது. அதற்குள் கம்பெனி டைம் வார்னர், ஏ.ஓ.எல். என்று கை மாறி, டர்னரின் பிடி தளர்ந்திருந்தது. 2001 மார்ச்சில் புதிய நிர்வாகி ஜேமி கெல்னர், மல்யுத்தமே நம் சேனல்களுக்கு வேண்டாம் என்றார். வாங்க வந்த பிஷாஃப் கோஷ்டி, சேனல் இல்லாமல் கம்பெனியை வாங்கி என்ன செய்ய என்று பின்வாங்கியது. மக்மேன் வாங்கினார். பேர், பழைய வீடியோக்கள் எல்லாம் சேர்த்து 50 லட்சம் டாலர்கூட இல்லை!

கடைசி நைட்ரோ 2001 மார்ச் 26, ஃப்ளோரிடாவில் பனாமா சிட்டி பீச். நிகழ்ச்சி தொடங்கியதும் திரையில் தெரிந்த முதல் முகம் மக்மேன். நாளைக்கு வேலை உண்டா இல்லையா என்று பாதிப் பேருக்குத் தெரியாது. ஜெஃப் ஜாரெட்டுக்கு மட்டும் உடனே தெரிந்துவிட்டது. பழைய கோபத்தை மறக்காத மக்மேன், டி.வி.யிலேயே எழுத்துக் கூட்டி 'நீ போகலாம்' என்றார். கடைசிச் சண்டை ஸ்டிங், ரிக் ஃப்ளேர். ஐந்தரை வருஷம் முன்னால் ஷாப்பிங் வளாகத்து முதல் நைட்ரோவிலும் மோதியவர்கள். ஃப்ளேர் அன்றைக்கு டீ-ஷர்ட்டோடு சண்டை போட்டார். தோற்றார். இரண்டு பேரும் கட்டிக்கொண்டார்கள். எத்தனையோ ஆயிரம் பொய்க்கு நடுவில் அந்த அணைப்பைப் பொய் என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

பிஷாஃப் பிற்பாடு தம் ஒலிபரப்பு ஒன்றுக்கு '83 வாரங்கள்' என்றே பேர் வைத்தார். ஜாரெட்டை மக்மேன் கம்பெனியே 2018-ல் கூப்பிட்டு மாலை மரியாதை செய்தது. மைக்கில் முடிவைச் சொன்ன ஷியாவோனி? கம்பெனி போன பிறகு பேஸ்பால் வர்ணனை பார்த்தார், பிரபலமான காபிக் கடை ஒன்றில் காபிகூட ஆற்றினார். 2019 அக்டோபரில் டி.என்.டி. சேனலுக்கு மல்யுத்தம் திரும்பி வந்தது. வேறு கம்பெனி, வேறு வீரர்கள். வர்ணனை மேஜையில் தலை நரைத்து உட்கார்ந்திருந்தவர்களில் ஒருவர், ஷியாவோனி.